வெளிநாடு போகும்போது சைக்கிளையும் கொண்டு போகலாமா?

விசா கிடைத்துப் பயணப்பொதி கட்டத் தொடங்கியவர்கள் சிலர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. சிரிப்பதற்கு இதில் எதுவும் இல்லை. 1990 இல் குடாநாட்டுக்கு எரிபொருள் தடைபட்டபின் எங்கள் சனத்தைச் சுமந்தது சைக்கிள்தான். பற்றரி கிடைக்காத காலத்தில் அதன் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது அரிசி மூட்டையையும் நடக்க ஏலாத முதியவர்களையும் அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோருக்குக் கொண்டு போவது இலாபமில்லை. ஆனால் போன இடத்தில் சைக்கிள் கட்டாயம் உதவும். அங்கு வாகனம் செலுத்தும் அனுமதிப்பத்திரம் எடுக்கக் காலமும் காசும் வேண்டும். விடிய முன் தொடங்கும் துப்புரவு வேலைக்கும் நள்ளிரவில் முடியும் உணவக வேலைக்கும் பஸ் இருக்காது. கணவருடன் இணையப் போகும் பெண்ணுக்கு, யாரையும் எதிர்பார்க்காமல் கடைக்கும் மொழி வகுப்புக்கும் போய்வர அதுவே முதல் வழி.

விமானத்தில் ஏற்றுவது

பல விமான நிறுவனங்கள் சைக்கிளை ஏற்றும். ஆனால் நம்மூர்ப் பெரிய சைக்கிள் ஒன்றே ஏறக்குறைய 20 கிலோ வரும். பெட்டியும் சேர்ந்தால் ஒரு பொதிக்கு வழக்கமாகத் தரப்படும் 23 கிலோ அதிலேயே முடிந்துவிடும். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் வழமையான 158 சென்ரிமீற்றர் எல்லையையும் தாண்டும். அதனால் மேலதிகக் கட்டணம் வரலாம். பயணச்சீட்டு வாங்க முன்னரே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

பொதி கட்டும்போது பெடல்களைக் கழற்றி, ஹான்டிலைத் திருப்பி, முன் சில்லைக் கழற்றி, ரயரில் காற்றைக் குறைக்க வேண்டும். இடது பெடல் மறுபக்கமாகச் சுற்றினால்தான் கழரும். மின்சார சைக்கிள் என்றால் எண்ணத்தை விடுங்கள். அதன் பற்றரி பொதுவாக 160 வாற்-மணிக்கு மேற்பட்டது, பயணிகள் விமானத்தில் அனுமதியில்லை.

அங்கே உதிரிப்பாகம் கிடைக்குமா?

ரயரின் பக்கத்தில் 40-635 போன்ற இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது ரயரின் அகலம், இரண்டாவது றிம்மில் ரயர் பொருந்தும் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். நம்மூர் 28 அங்குலப் பெரிய சைக்கிளில் பெரும்பாலும் 635 இருக்கும். இன்று வெளிநாட்டுக் கடைகளில் பரவலாக இருப்பது 622. இரண்டையும் 28 அங்குலம் என்றே சொல்வார்கள், ஆனால் ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. நெதர்லாந்தின் பழைய பாணிச் சைக்கிள்களுக்கு 635 இன்னும் விற்கிறது. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் தேடி அலைய வேண்டும். கம்பி பிறேக் மழையில் நனைந்த இரும்பு றிம்மைச் சரியாகப் பிடிக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

சுங்கமும் மண்ணும்

பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் குடிபெயர்வோர், குறைந்தது ஆறு மாதம் பாவித்த சொந்தப் பொருளுக்குத் தீர்வை விலக்குக் கேட்கலாம். வேறு நிபந்தனைகளும் உண்டு. கனடாவில் குடியேறுவோர், பின்னால் வரும் பொருட்களையும் முதல் வருகையிலேயே பட்டியலில் காட்ட வேண்டும். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ரயரிலும் மட்கார்ட்டிலும் ஒட்டிய மண்ணைப் பொறுக்காது. நன்றாகக் கழுவிக் காயவைத்து, வந்திறங்கியதும் படிவத்தில் அறிவியுங்கள்.

அங்கே வாங்குவதென்றால்

பழைய சைக்கிள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் தெருவில் யாரோ மிக மலிவாக நீட்டும் சைக்கிளை வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் வாங்குவது குற்றம். புகலிடக் கோரிக்கை விசாரணையில் இருப்பவருக்கு ஒரு பொலிஸ் வழக்கு எவ்வளவு பாரம் என்பதை விளக்கத் தேவையில்லை. பற்றுச்சீட்டை வாங்கி, சட்டத்தில் பொறித்த இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். நெதர்லாந்தில் அந்த இலக்கத்தைக் கொண்டு, களவுபோனதாகப் பதிவான சைக்கிளா என்று இணையத்திலேயே பார்க்கலாம்.

பிரித்தானியாவில் இருட்டியபின் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். ஜேர்மனியில் மணியும் தனித்தனியாக இயங்கும் இரண்டு பிறேக்கும் வேண்டும். அவுஸ்திரேலிய வீதிகளில் பெரியவர்களுக்கும் தலைக்கவசம் கட்டாயம். கனடாவிலும் ஐரோப்பியப் பெருநிலத்திலும் வீதியின் வலப்பக்கமாக ஓட வேண்டும். திரும்பும் இடங்களில் பழைய பழக்கம் ஆபத்தாகும். முதல் சில நாட்கள் வாகனம் குறைந்த தெருக்களில் ஓடிப் பழகுங்கள்.

கணக்குப் பார்க்க முடியாத சைக்கிள்

சில வீடுகளில் நிற்கும் சைக்கிள் வெறும் வாகனம் இல்லை. அது செல்லில் இறந்த அப்பாவினுடையது, அல்லது காணாமல் ஆக்கப்பட்ட மகன் ஓடியது. அதை விட்டுவிட்டுப் போ என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். குடும்பமாகப் போகிறவர்கள் மற்றச் சாமான்களோடு கப்பலில் அனுப்பலாம். முடியாதவர்கள் மணியை மட்டும் கழற்றி எடுத்துப் போகலாம். ஒன்ராறியோவிலும் சைக்கிளுக்கு மணி அல்லது ஹோர்ன் சட்டப்படி தேவை. புதிய சைக்கிளில் பழைய மணியைப் பூட்டினால் அதுவே போதும்.

மற்றச் சைக்கிள்களைப் பூட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள். சும்மா நின்றால் ரயர் வெடித்துச் செயின் துருப்பிடிக்கும். பள்ளிக்கூடத்துக்கு நெடுந்தூரம் நடக்கும் பிள்ளை ஒன்று உங்கள் ஊரிலோ வன்னியிலோ இருக்கும். பிறேக் கட்டையை மாற்றி, எண்ணெய் விட்டு, அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.