வீட்டுக்கு ஒரு சைக்கிளா, ஆளுக்கு ஒரு சைக்கிளா?

இந்த வாரம் ஒரு நேயர் கேள்வி. அவருக்கு சென்னையில வேலை, சொந்த ஊர் பழனி பக்கத்துல ஆயக்குடி. லீவுக்கு ஊருக்குப் போனா மனைவி, குழந்தையோட கொய்யாத் தோப்புப் பக்கமா சும்மா ஒரு ரவுண்டு போகணும். அதுக்கு முதல்முறையா ஒரு ஹைப்ரிட் சைக்கிள் வாங்கப் போறார். எதை எடுக்கலாம்?

ரெண்டு மாடல் பேர் சொல்லி முடிச்சிடலாம். ஆனா "குடும்பத்துக்கு ஏத்த சைக்கிள் எது"ங்கிற கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. அதைப் பாத்துட்டு கடைக்குப் போனா, என்ன கேக்கணும்னு தெளிவாயிடும்.

இன்னிக்கு நாம ஓட்டுற சைக்கிளோட வடிவம் 1885-ல இங்கிலாந்துல வந்தது. ஜான் கெம்ப் ஸ்டார்லியோட ரோவர் சைக்கிள்: ஏறக்குறைய ஒரே அளவு ரெண்டு சக்கரம், பின் சக்கரத்துக்கு செயின். மூணு வருஷம் கழிச்சு, 1888-ல, பெல்ஃபாஸ்ட்ல இருந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் காத்தடைச்ச டயருக்கு பேட்டன்ட் வாங்கினார். அவர் அதை முதல்ல செஞ்சது தன் மகனோட மூணு சக்கர சைக்கிளுக்கு. ஒரு குழந்தை குலுங்காம ஓட்டணுங்கிறதுல தொடங்கின விஷயம் அது.

நம்ம ஊருக்கு வருவோம். 1949-ல முருகப்பா குழுமம் பிரிட்டிஷ் கம்பெனியோட சேர்ந்து டிஐ சைக்கிள்ஸ் தொடங்கினாங்க. அம்பத்தூர் ஆலையில இருந்து ஹெர்குலிஸ் வந்தது. கறுப்பு கலர், 28 இன்ச் சக்கரம், தூக்கிப் பாத்தா 20 கிலோ பக்கம். அளவு வளர்ந்த ஆம்பளைக்கு. மத்தவங்கதான் அதுக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு கொடுத்தாங்க. அம்மா கேரியர்ல, குழந்தை முன்னாடி பார்ல. சீட்டுக்கு எட்டாத பசங்க பாருக்கு அடியில கால விட்டு குரங்கு பெடல் அடிச்சாங்க. குடும்பமே ஒரு சைக்கிள்ல போச்சு. ஓட்டினது என்னவோ ஒருத்தர்தான்.

அதை மாத்தினது புதுக்கோட்டை. 1991-ல அங்க அறிவொளி இயக்கம் எழுத்தறிவோட சேர்த்து பெண்களுக்கு சைக்கிளும் கத்துக் கொடுத்தது. அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், நர்ஸ்னு எல்லாரும் கத்துக்கிட்டாங்க. 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடத்துல ஓட்டிக் காட்டினாங்கன்னு பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு பண்ணியிருக்கார். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், கூட்டிட்டுப் போக அப்பாவோ அண்ணனோ வர வேண்டாம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தப்போ, சில பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பி எடுத்தாங்க. காரணம், அந்த பார்ல குழந்தைய உக்கார வைக்கலாம். நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, ப்ராடக்ட் யாருக்குன்னு லேபிள்ல என்ன போட்டிருந்தாலும், தனக்கு என்ன வேணும்னு யூசருக்குத் தெரிஞ்சிருந்தது.

இனி ஹைப்ரிட். 1970-கள்ல கலிஃபோர்னியாவுல மலைச் சரிவுல இறங்கினவங்க மவுன்டன் பைக்கை உருவாக்கினாங்க. அதோட நேரான ஹேண்டில்பாரையும் நிமிர்ந்து உக்கார்ற சௌகரியத்தையும் எடுத்து, ரோடு பைக்கோட பெரிய, வேகமான சக்கரத்தோட சேர்த்தா ஹைப்ரிட். ஓட்ட லேசு, முதுகு வலிக்காது. ஆனா இந்தக் கலவையில பழைய கறுப்பு சைக்கிள்ல இருந்த சிலது கழண்டு போச்சு: கேரியர், மட்கார்டு, செயின் கவர். குடும்பத்துக்கு வேண்டியது பெரும்பாலும் அதுதான்!

அதனால கடையில பாக்க வேண்டியது இதெல்லாம். ஃப்ரேம்ல கேரியர், மட்கார்டு மாட்ட ஸ்க்ரூ ஓட்டை இருக்கா? குழந்தைய இன்னிக்கு பார்ல உக்கார வைக்காதீங்க, கால் ஸ்போக்ல மாட்டும். பெல்ட் இருக்கிற குழந்தை சீட்டும் ஹெல்மெட்டும் வாங்குங்க. அந்த எடையை ஃப்ரேமும் கேரியரும் தாங்குமான்னு கேட்டுக்கங்க. புடவை, துப்பட்டா, வேட்டின்னா செயின் கவர் அவசியம். தோப்புப் பாதை மண்ணுக்கு 38, 40 மில்லிமீட்டர் அகல டயர் சரியா இருக்கும். பாருக்கு ரெண்டு பக்கமும் கால் ஊன்றி நின்னா நடுவுல ரெண்டு மூணு சென்டிமீட்டர் இடைவெளி வேணும்.

கியர்? ஆயக்குடி மலையடிவாரம். ஊருக்குள்ள, தோப்புப் பக்கம் சுத்த ஒரு கியரே போதும். வரதமாநதி அணை தாண்டி கொடைக்கானல் ரோட்டுல ஏறணும்னா கதையே வேற. முன்னாடி சின்ன பல்சக்கரம், பின்னாடி பெரிய பல்சக்கரம்னு லேசா மிதிக்கிற கியர் கட்டாயம் வேணும்.

கடைசியா, நேயர் கேக்காத ஒண்ணு. மனைவி ஓட்டுவாங்களா, பின்னாடி உக்காந்து வருவாங்களா? அவங்களும் ஓட்டுறதா இருந்தா, ஒரே விலை உயர்ந்த ஹைப்ரிட்டுக்குப் போடுற காசுல ரெண்டு சாதாரண சைக்கிள் எடுங்க. ரெண்டாவதோட அளவையும் கலரையும் அவங்களே பாத்து எடுக்கட்டும். புதுக்கோட்டை பெண்கள் தனக்கு எது வேணும்னு தாங்களே முடிவு பண்ணினவங்க. அவங்க கிட்ட இருந்து நாம கத்துக்க வேண்டியது அதுதான்.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.