தைரொக்சின் குளிசையும் நேர ஒழுங்கும்

ஆசிரியர் கலாசாலையில் என்னுடன் பணியாற்றும் சகோதரிகள் சிலர் தைரொக்சின் குளிசை பாவிக்கிறார்கள். நானும் பாவிக்கிறேன். எத்தனை மைக்ரோகிராம் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த நேரத்தில் என்பதில்தான் குழப்பம்.

இக்குளிசை வெறும் வயிற்றில்தான் நன்றாக உறிஞ்சப்படும். காலையில் எழுந்ததும் தண்ணீருடன் மட்டும் குடிக்க வேண்டும். தேநீர், கோப்பி, காலை உணவு எல்லாம் 30 முதல் 60 நிமிடங்கள் கழித்தே.

இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளும் நெஞ்செரிவுக்கான அன்டாசிட் மருந்துகளும் குடலில் தைரொக்சினுடன் பிணைந்து, அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. எனவே 4 மணி நேர இடைவெளி அவசியம். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் இரும்பும் கல்சியமும் கொடுக்கப்படுவதால் அவர்கள் கூடுதல் கவனமெடுக்க வேண்டும். ஆரம்ப மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் தைரொயிட் ஹோர்மோனையே நம்பியிருக்கிறது. விடியற்காலை தைரொக்சின், பகலுணவோடு கல்சியம், இரவில் இரும்பு எனப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒமிப்ரசோல் இரைப்பையின் அமிலத்தையே குறைப்பதால் இடைவெளி விட்டாலும் பாதிப்பு இருக்கலாம். அதைக் குடிப்பவர்கள் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நோன்பு காலத்தில் ஸஹர் உணவுக்கு 30 நிமிடங்களாவது முன்னரோ, கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துத் தூங்கப் போகும்போதோ குடிக்கலாம். எதுவானாலும் தினமும் ஒரே ஒழுங்கு வேண்டும்.

களைப்புத் தீரவில்லையென்று அளவை நாமாகக் கூட்டக் கூடாது. முதலில் நேரத்தைச் சரிசெய்வோம். 6 முதல் 8 வாரங்களில் டீ.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்து வைத்தியரிடம் காட்டுவோம்.