மெழுகு வாங்கித் தந்த நிலம்

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே பிறந்த ஓவியங்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அந்த நிலத்தை வாங்கிய பணத்தைப் பற்றி எழுத வேண்டும். 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் சுமார் பத்து ஏக்கர் மணலை வாங்கியவர்கள் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வரும் அவரிடம் படித்தவர்களும். அரசாங்கம் தரவில்லை, எந்த முதலாளியும் தூக்கிக் கொடுக்கவில்லை. துணியில் மெழுகு வைத்துச் சாயம் போட்டு விற்ற காசு அது.

நான் வேறொரு ஓவியக் கல்லூரியில் செராமிக் பிரிவில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன். மாணவனின் களிமண்ணைத் திருத்தித் திருத்தி, சொந்த மண்ணை மூடிவைத்த ஈரச் சாக்குக்குள்ளேயே காயவிட்டவர்கள் எங்களில் நிறையப் பேர். கலை சொல்லிக் கொடுக்கிறவனுக்கு அவன் கலையைச் செய்ய இடமும் நேரமும் எங்கே என்ற கேள்வி எங்கள் தொழிலில் ஓயாத கேள்வி. அதற்குச் சென்னையில் கிடைத்த பதில்களின் வரலாறு நூற்றைம்பது வருடத்துக்கும் மேல் போகிறது.

1850இல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தன் சொந்த முயற்சியில் சென்னையில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். இரண்டு வருடத்தில் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில், இன்று பெரியார் பெயரில் இருக்கும் சாலையில், அது இன்னும் கல்லூரியாக நடக்கிறது. ஆரம்பத்தில் அது கைத்தொழில் பள்ளி. மண்பாண்டம், மரவேலை, உலோகவேலை, செதுக்கு வேலை. கட்டடக் கலைஞர் சிஸ்ஹோமும், அவருக்குப் பின் ஈ.பி. ஹாவெலும் அதை நடத்தினார்கள். 1898 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியத்தைத் தட்டிப் பாத்திரம் செய்து பார்த்ததும் அங்கேதான். நம் அடுப்படிக்கு அலுமினியச் சட்டி வந்து சேர்ந்த வழியில் அந்தப் பள்ளியும் ஒரு நிறுத்தம்.

அந்தக் காலத்தில் ஆசிரியருக்குத் தனி நேரம் வேண்டும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பட்டறையே வகுப்பு. மேஸ்திரி செய்கிற வேலையைப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான், பிறகு ஒரு ஓரத்தை அவன் செய்வான். சொல்லிக் கொடுப்பதும் செய்வதும் ஒரே வேலையாக இருந்தன. இரண்டும் பிரிந்தது பள்ளி நுண்கலைப் பக்கம் திரும்பிய பிறகு. ஓவியம் என்பது ஒருவரின் சொந்த மனதிலிருந்து வருவது என்று ஆனதும், வகுப்பு ஒரு இடத்திலும் ஆசிரியரின் படம் இன்னொரு இடத்திலும் போய் நின்றன. நான் இங்கே பேசும் குறையெல்லாம் அந்தப் பிரிவில் தொடங்கியது.

பள்ளியை அப்படித் திருப்பியவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1929இல் வங்காளத்திலிருந்து வந்தார். பள்ளியின் தலைமைக்கு வந்த முதல் இந்தியர். 1957 வரை அங்கேயே இருந்தார். அவருக்கு அந்தக் குறை வரவில்லை, ஏனென்றால் அவருடைய ஸ்டுடியோ வளாகத்துக்குள்ளேயே இருந்தது. மல்யுத்த உடம்பு, வேட்டை, வங்க மொழியில் சிறுகதை என்று எல்லாவற்றையும் ஆளுகிற மனிதர். மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலையைப் பார்க்காதவர் யார்? நான்கு பேர் பாறையை நெம்பும் அந்தச் சிலைக்குக் கல்லூரியின் இரவுக் காவலாளி ஒருவர் மாதிரியாக நின்றார் என்று அங்கே படித்தவர்கள் சொல்வார்கள். அது எனக்குப் பிடித்த செய்தி. ஒரு கலைப்பள்ளியின் கதையில் காவலாளியும் ஆசிரியரும் ஒரே மண்ணின் முன்னால் நின்றிருக்கிறார்கள்.

மாணவர்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது. முதல்வர் பெரிய சிலை ஒன்றில் திணறுவதை, உடைப்பதை, மறுபடி கட்டுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் அந்த வசதி ஒருவருக்குத்தான் இருந்தது. அவருக்குக் கீழே இருந்த பயிற்றுநர்களுக்கு மணி அடித்தால் அடுத்த வகுப்பு.

அப்படிக் கீழே இருந்தவர்களில் ஒருவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, வயது கடந்த பிறகு ராய் சௌத்ரியிடம் மாணவராகச் சேர்ந்தார். நாற்பதுகளின் தொடக்கத்தில் அங்கேயே ஆசிரியரானார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957இல் ராய் சௌத்ரியின் நாற்காலி அவருக்கு வந்தது. குமாஸ்தா வேலை ஒரு மனிதனின் நாளை எப்படித் தின்னும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. தன்னிடம் படித்த நல்ல பையன்கள் பட்டயம் வாங்கிய கையோடு விளம்பரக் கம்பெனிக்கும் துணி டிசைனுக்கும் போய், பிறகு எதுவும் வரையாமல் போவதை வருடா வருடம் பார்த்தார். சென்னையில் அப்போது ஓவியம் வாங்குவோர் மிகச் சிலர். கல்லூரியிலேயே ஆசிரியராக ஒட்டிக்கொண்டவனுக்கும் சம்பளம் மட்டுமே மிச்சம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் எடுத்த முடிவு எளிமையானது, அதனாலேயே துணிச்சலானது. கலையை விற்றுச் சாப்பிட முடியாது, கைத்தொழிலை விற்றுச் சாப்பிடலாம்; கைத்தொழில் வயிற்றைக் கவனித்தால் கலை யாருக்கும் பல்லிளிக்க வேண்டியதில்லை. பள்ளியின் பழைய பட்டறைப் பிரிவுகள் இன்னும் இருந்தன. வகுப்பு முடிந்த பிறகு மாணவர்களும் இளைய கலைஞர்களும் பாத்திக், தோல், உலோகம், மண் என்று செய்ய ஆரம்பித்தார்கள். கண்காட்சி வைத்து விற்றார்கள். கைவினைச் சங்கம் ஒன்று பதிவானது. ஓவியத்தைப் பார்த்து நகர்ந்தவர்கள் பாத்திக் துணியின் முன்னால் பணப்பையைத் திறந்தார்கள்.

பாத்திக் எப்படிப்பட்ட வேலை என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் அதைக் கற்றது அந்தக் கல்லூரியில் படித்த ஒரு மூத்த ஆசிரியரிடம். துணியை முதலில் கஞ்சி போக அலச வேண்டும், இல்லாவிட்டால் மெழுகு உள்ளே இறங்காது. தேன்மெழுகையும் பாரஃபினையும் கலந்து ஸ்டவ்வில் உருக்குவார்கள். தேன்மெழுகு துணியைக் கெட்டியாகப் பிடிக்கும், பாரஃபின் விரிசல் விடும். எது எவ்வளவு என்பதில் ஒவ்வொருவர் கையும் தெரியும். தூரிகையை மெழுகில் தோய்த்ததும் தயங்காமல் இழுத்துவிட வேண்டும். யோசித்து நின்றால் மெழுகு துணியின் மேலேயே உறைந்துபோகும். சட்டென்று துணியைப் புரட்டி, பின்பக்கம் ஈரம் போல் கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார் அவர். கறுத்திருந்தால் மெழுகு இறங்கியிருக்கிறது.

சாயம் குளிர்ந்த சாயமாகத்தான் இருக்க வேண்டும், சூடு பட்டால் மெழுகு போய்விடும். நாப்தால் சாயம் என்றால் முதல் தொட்டியில் நிறம் சரியாகத் தெரியாது. இரண்டாவது தொட்டியில் முக்கியதும் துணி சட்டென்று சிவக்கும், புதியவர்கள் அதைப் பார்த்து ஒரு அடி பின்னால் போவார்கள். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போக வேண்டும், ஒவ்வொரு நிறத்துக்கும் முன்னால் காப்பாற்ற வேண்டிய இடத்தை மெழுகால் மூட வேண்டும். கடைசியில் துணியைக் கசக்கினால் மெழுகு வெடிக்கும், வெடிப்பில் கறுப்பு இறங்கும். அந்த நரம்புக் கோடுகளை யாரும் திட்டமிட்டு வரைய முடியாது. பிறகு கொதிநீர். மேலே மிதக்கும் மெழுகை அகப்பையால் அள்ளி அடுத்த துணிக்கு வைத்துக்கொள்வார்கள். எதுவும் வீணாகாத தொழில் அது.

இதில் ஒரு ஓவியனுக்கு நஷ்டம் என்ன? தட்டையான நிறத்தை எங்கே வைப்பது, கோட்டை எங்கே நிறுத்துவது, எதை முன்கூட்டியே விட்டுவிடுவது என்பதெல்லாம் பாத்திக் கற்றுக்கொடுக்கும். கைவினை செய்தால் கலை கெட்டுவிடும் என்று பேசியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நான் அதை ஒப்ப மாட்டேன். சென்னையின் உலோகச் சிற்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டைத் தட்டிச் செய்த உருவங்கள் கோயில் விக்கிரகத்துக்குச் சார்த்தும் கவசத்தின் பக்கத்து வீடு. பணிக்கரின் மகன் நந்தகோபால் தகடு, கம்பி, பற்றவைப்பு என்று பட்டறைக்காரனின் கையை வைத்தே தன் சிற்பத்தைக் கட்டினார். கைவினைக்கு வெட்கப்பட்டிருந்தால் இரண்டும் வந்திருக்காது.

அந்தக் கைவினைக் காசில் வாங்கிய ஈஞ்சம்பாக்கத்து நிலம் அன்றைக்கு ஊருக்கு வெளியே. மகாபலிபுரம் போகும் ஒற்றைச் சாலை, சவுக்குத் தோப்பு, மீனவர் குப்பம், மணல். மின்சாரம் கிடையாது. ஓலைக் கொட்டகை போட்டார்கள். விற்பனையில் ஒரு பங்கு பொது நிதிக்குப் போனது. மனைகளைப் பிரித்துக்கொண்டு அவரவர் வசதிப்படி வீடு கட்டினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் சேர்ந்த அந்தக் கூட்டத்தில் ஜே. சுல்தான் அலி போன்ற மூத்தவரும் இருந்தார், எஸ்.ஜி. வாசுதேவ், கே.வி. ஹரிதாசன், சேனாதிபதி போன்ற இளையவர்களும் இருந்தார்கள். கையால் வயிற்றுக்குச் செய்துவிட்டு மிச்ச நேரத்தைத் தனக்கு வைத்துக்கொள்வது என்பது ஏற்பாடு. கலைஞருக்குத் தங்குமிடமும் நேரமும் தருவதை இன்று உலகமெங்கும் அறக்கட்டளைகள் மாதக் கணக்கில் செய்கின்றன. இவர்கள் அதைத் தங்களுக்குத் தாங்களே, ஆயுள் முழுக்கச் செய்துகொண்டார்கள்.

பணிக்கர் 1967இல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1963இல் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசையை 1977இல் இறக்கும் வரை விடவில்லை. ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், படிக்க முடியாத எழுத்துகள், கணக்குக் குறிகள் நிறைந்த படங்கள் அவை. கைவினைக்காகக் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், நிர்வாகச் சுமை முழுவதும் தலையில் இருந்தபோது, அவருடைய ஆகச் சிறந்த திருப்பம் வந்திருக்கிறது. ஆசிரியராக இருப்பதே படைப்பைக் கொல்லும் என்று சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எழுதினால் அது பொய். அந்தக் கூட்டத்தில் இருந்த விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் சீக்கிரமே பாரீஸ் போய்விட்டார்கள். வாசுதேவ் பின்னாளில் பெங்களூர் போனார். பணிக்கர் தன் மகன் போல் தாங்கிய கே. ராமானுஜம், பேனாவால் கனவு நகரங்களை வரைந்த அந்த அபூர்வ மனிதர், 1973இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். எழுத்தாளர் சி. மோகன் அவரை வைத்து ஒரு நாவலே எழுதியிருக்கிறார். இடமும் நேரமும் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. அவை இல்லாமல் ஆரம்பிக்கவே முடியாது என்பது மட்டும் உண்மை.

கிராமத்துக்குப் போகாமல் கல்லூரியிலேயே தங்கி வேலை செய்தவர்கள் கதை இன்னும் கடினம். எஸ். தனபால், எல். முனுசாமி, ஏ.பி. சந்தானராஜ் ஆகியோரெல்லாம் வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் தங்கள் கலையைச் செய்தார்கள், பிறகு முதல்வர் நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள். சிலைக்கும் கோப்புக்கும் ஒரே கை. தேசிய நுண்கலை அமைப்பான லலித் கலா அகாடமி கிரீம்ஸ் சாலையில் வட்டார மையம் திறந்து சூளை, அச்சு யந்திரம், சிற்பக் கொட்டகை எல்லாம் வைத்தபோதுதான் நகரத்துக்குள் மூச்சு விட ஒரு பொது இடம் கிடைத்தது. அந்த அகாடமியின் முதல் தலைவர் ராய் சௌத்ரி என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவருக்கு மட்டும் இருந்த ஸ்டுடியோ, சுற்றி வளைத்து எல்லோருக்குமான ஸ்டுடியோவாக வந்து சேர்ந்திருக்கிறது.

இன்று சோழமண்டலத்தில் வெளியூர்க் கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்ய விருந்தினர் குடில்கள் இருக்கின்றன. 2009இல், இந்தக் கலைஞர்கள் வளர்த்த சென்னை ஓவிய இயக்கத்துக்கான அருங்காட்சியகமும் திறந்தார்கள். சாலை அகன்றுவிட்டது, மணல் மனைகளின் விலையைச் சொன்னால் பணிக்கர் நம்ப மாட்டார்.

ஆனால் இந்த வரலாறு முழுவதிலும் ஒரு கூட்டம் வெளியே நிற்கிறது. சூளைக்கு விறகு போடுகிறவர், அச்சு எடுக்கிறவர், வார்ப்பு ஊற்றுகிறவர், மண் பிசைகிற அட்டெண்டர். எங்கள் பிரிவில் ஒருவர் இருந்தார். சூளையின் பார்வை ஓட்டையில் கண் வைத்து, ஆரஞ்சு நிறம் வெளுக்கும் வேகத்தைப் பார்த்தே தீயைக் குறைப்பார். கருவி காட்டும் எண்ணை நான் அவரிடம் கேட்டுத்தான் சரிபார்ப்பேன். மிஞ்சிய மண்ணில் விரல் நீளத்துக்குக் குதிரைகள் செய்து, மாணவர்களின் வேலைக்கு நடுவே கிடைத்த சந்தில் வைத்துச் சுடுவார். அய்யனார் கோயில் குதிரைகளின் கழுத்து நிமிர்வு அதில் அப்படியே இருக்கும். ஒரு முறை, “இதைப் பெரிசா செய்யலாமே, அண்ணே” என்றேன். “சார், மண்ணு இருக்கு, சூளை இருக்கு, நாள்தான் இல்ல” என்றார்.

கலைஞருக்கு இடமும் நேரமும் தரும் திட்டங்களுக்கு நான் பார்த்த விண்ணப்பப் படிவங்களெல்லாம் பட்டயச் சான்றிதழ், கண்காட்சிப் பட்டியல், பத்திரிகை விமர்சனம் கேட்கின்றன. அவரிடம் இவை எதுவும் கிடையாது. ஆசிரியருக்கே தங்கிச் செய்ய ஒரு பருவம் விடுப்பு வாங்குவது பெரும்பாடாக இருக்கும்போது அவரைப் பற்றி யார் யோசிப்பார்கள்? நான் யோசிக்கிறேன், வேலையில் இருக்கும்போது கேட்டும் இருக்கிறேன். மே மாதம் முழுக்க எங்கள் சூளை அணைந்துதான் கிடந்தது. மண் இருந்தது, கொட்டகை இருந்தது, மின்கட்டணமும் எப்படியும் கட்டப்பட்டது. அந்த ஒரு மாதத்துக்குச் சூளைச் சாவியையும் வழக்கமான சம்பளத்தையும் மட்டும் அவருக்குக் கொடுங்கள், வேறு வேலை சொல்லாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது அந்தப் பிரிவில் இருப்பவர்களும் அதையே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.