நூல் தேடிச் சென்ற அடிகளார்

நெடுங்கேணியிலே வகுப்பறையில் அமர்ந்து தமிழ்ப் பாடநூலைத் திறக்கின்ற சிறுவனிடம், தமிழ் முதன்முதல் அச்சேறிய இடம் எது என்று வினவினால், சென்னை என்றோ யாழ்ப்பாணம் என்றோ அவன் விடை பகரக்கூடும். உண்மையோ வேறு. தமிழ்மொழியில் அமைந்த முதல் அச்சுநூல் 1554ஆம் ஆண்டில் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் வெளிவந்தது. தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்திலே பொறித்த சமய நூல் அது. தமிழ் எழுத்திலேயே அமைந்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறு பக்கங்கொண்ட அந்நூலின் படியொன்று அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றது.

இவ்வாறு கடல் கடந்து கிடந்த தமிழ்ச் செல்வத்தைத் தேடி ஐரோப்பிய நகரங்களுக்குச் சென்றவர் தனிநாயகம் அடிகளார். ஊர்காவற்றுறைப் பகுதியைச் சேர்ந்த கரம்பொன்னில் 1913இல் பிறந்த அவர், உரோமையில் இறையியல் பயின்று 1938இல் குருப்பட்டம் பெற்றார். பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழை முறையாகக் கற்றார்.

பயணஞ் செய்வோர் பலரும் மாடமாளிகைகளையும் பேராலயங்களையும் கண்டு மீள்வர். அடிகளாரோ நூலகங்களின் பட்டியல்களையும் புரட்டினார். லிஸ்பன் நூலைப் பற்றி எழுதித் தமிழுலகம் அறியச் செய்தார். அந்தாவ் தெ புரோவென்சா இயற்றி, 1679இல் அம்பலக்காட்டில் அச்சிடப்பட்ட தமிழ்-போர்த்துக்கேய அகராதியின் படியொன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதனைப் பதிப்பித்து, 1966இல் கோலாலம்பூரிலே மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். ஓரிடத்தில் அடைபட்டிருந்த நூல் இவ்வாறு பலர் கைக்கும் எட்டுவதாயிற்று.

பாரிஸ் மாநகரும் தமிழுக்குப் புதியதன்று. புதுச்சேரியில் பிரெஞ்சு அரசின் அலுவலராயிருந்த எதுவார் அரியேல் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் அந்நாட்டின் தேசிய நூலகத்தைச் சென்றடைந்தன. திருக்குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சில் பெயர்த்தவரும் அவரே. காரைக்காலில் வளர்ந்த ஜூலியன் வேன்சோன் பாரிஸிலே தமிழாசிரியராக விளங்கினார். இம்மரபில் வந்த அறிஞர் ழான் ஃபிலியோசா, 1964இல் புதுதில்லியில் அடிகளாரின் முயற்சியால் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் முதல் தலைவரானார்.

1970ஆம் ஆண்டுக் கோடையில், ஜூலைத் திங்களில், மூன்றாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு பாரிஸிலே கூடியது. கூடிய இடம் ‘கொலேஜ் த பிரான்ஸ்’. முதலாம் பிரான்சுவா மன்னன் 1530இல் நிறுவிய கல்விக்கூடம் அது. லிஸ்பனில் தமிழ் அச்சேறியபோது அதற்கு வயது இருபத்து நான்கு. அத்தகைய தொன்மை வாய்ந்த இடத்திலே, தமிழ் தன் சொந்த உரிமையில் ஆராய்ச்சிப் பொருளாய் வீற்றிருந்தது. அடிகளாரின் பல்லாண்டு உழைப்புக்கு இதனினும் சிறந்த பயன் வேறு யாது?

அடிகளார் 1980ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள் மறைந்தார். ஒன்பது திங்கள் கழிந்தன. 1981இல் மே முடிந்து ஜூன் பிறந்த அந்த இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுட் சில, வேறெங்கும் படியில்லாதவை. அவை மீளவில்லை.

அயல்நாட்டார் காத்த நூல் எஞ்சியது. நம் நடுவே இருந்த நூல் அழிந்தது. இதனால் அயலிடமே பாதுகாப்பென்று கொள்வது பொருந்தாது. ஒரே படி, ஒரே இடம் என்னும் நிலைதான் ஆபத்தானது. போரினால் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த வன்னிக் குடும்பங்கள் இதனை நன்கறியும். பெட்டியோடு தொலைந்த ஏடும், வீட்டோடு எரிந்த குறிப்பேடும் எத்தனையோ.

ஆகவே, எஞ்சியிருக்கும் பழஞ்சுவடியோ, காணி உறுதியோ, கோயிற் கணக்கோ எதுவாயினும், அதனைப் படியெடுத்து வேறோரிடத்திலும் வைத்தல் வேண்டும். அடிகளார் அதற்காக உலகைச் சுற்றினார். நெடுங்கேணியில் உள்ளவர் தம் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பார்த்தாலே போதும். அப்பணி அங்கேயே தொடங்கிவிடும்.