ஏழு கிணறு முதல் பூண்டி வரை

நகரங்களின் வரலாற்றைக் கோட்டை கொத்தளங்களில் தேடுகிறோம். அவற்றை வாழவைத்த நீர்நிலைகளை மறந்துவிடுகிறோம். சென்னை மாநகரின் கதையும் அத்தகையதே.

புனித ஜார்ஜ் கோட்டையில் நல்ல நீர் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஆகவே 1772-ஆம் ஆண்டில், கேப்டன் பேக்கர் வகுத்த திட்டப்படி, கோட்டைக்கு அப்பால் கிணறுகள் தோண்டப்பட்டு, அவற்றின் நீர் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டது. 'ஏழு கிணறு' என்று அப்பகுதி இன்றும் வழங்குவது அதனாலேயே. எளிய மக்களோ தெருக் கிணறுகளையும் குளங்களையுமே நம்பி வாழ்ந்தனர். மக்கள்தொகை பெருகவே, கழிவு மண்ணில் ஊறிக் கிணற்று நீரைக் கெடுத்தது.

1872-இல் கொசஸ்தலை ஆற்று நீர், தாமரைப்பாக்கத்திலிருந்து சோழவரம், புழல் ஏரிகளின் வழியே நகரை அடைந்தது. எனினும், அது திறந்த கால்வாயில், வடிகட்டப்படாமல் வந்த நீர். தொலைவிலிருந்து நீரைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, வழியிலும் அதைக் காக்கவேண்டும் என்பதை உணர நாற்பது ஆண்டுகள் ஆயின. 1914-இல் மூடிய கால்வாயும், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிப்பான்களும் அமைந்தன. மணற்பரப்பின் மேல் படரும் மெல்லிய உயிர்ப்படலமே நோய்க்கிருமிகள் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடும்.

அதன்பின் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. மேயராயிருந்து அதற்காக உழைத்த சத்தியமூர்த்தி 1943-இல் மறைந்தார். நீர்த்தேக்கம் 1944-இல் நிறைவுற்றது. 1996-இல் கிருஷ்ணா நதி நீரும் வந்து சேர்ந்தது.

தொலைதூர நீரை நாடிய இதே நகரம், தன் மடியிலிருந்த ஏரிகளைத் தூர்த்தது. மாம்பலம் ஏரியின் மீது தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி பெயரளவில் மட்டும் எஞ்சியது. மழைநீர் தங்கவும் நிலத்தடிக்கு இறங்கவும் இடம் குறைந்தது. 2015-இல் வெள்ளத்தில் மூழ்கிய சென்னை, 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வரக் காத்திருந்தது! குழாய் வறண்டபோது, வசதி படைத்தோர் லாரி நீரை விலைக்கு வாங்கினர். ஏழைகள் குடங்களுடன் வரிசையில் நின்றனர். ஏழு கிணற்றுக் காலத்துப் பாகுபாடு வேறு வடிவில் திரும்பிவந்தது.

வீடுதோறும் மழைநீர் சேகரிப்பை 2003-இல் சட்டம் கட்டாயமாக்கியது. அந்தத் தொட்டியைத் தூர்வாருவதும், நம் ஊர் ஏரியில் குப்பை விழாமல் தடுப்பதும் நம் கையில் உள்ள கடமைகள். அருகிலுள்ள நீரைக் காக்காமல் தொலைவிலுள்ள நீரை எத்தனை காலம் தேடிச் செல்வோம்?