பிரிட்டன் மருத்துவத் துறையில் பாலியல் அத்துமீறல் எதிர்ப்பு இயக்கம்

பிரிட்டனின் மருத்துவமனைகளில் பணிபுரியும் பெண்கள் எதிர்கொண்ட பாலினப் பாகுபாட்டையும் பாலியல் அத்துமீறல்களையும் எதிர்த்து எழுந்த இயக்கம் 2021க்கும் 2024க்கும் இடையில் வலுப்பெற்றது. ஆயினும் அதன் முன்கதை நூற்றைம்பது ஆண்டுப் பழமையுடையது.

1869இல் சோபியா ஜெக்ஸ்-பிளேக்கும் அவருடைய தோழியரும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தனர். ‘எடின்பரோ எழுவர்’ என்று வரலாறு இவர்களைக் குறிப்பிடுகிறது. 1870 நவம்பர் 18 அன்று உடற்கூற்றியல் தேர்வு எழுதச் சர்ஜன்ஸ் ஹாலுக்கு வந்தபோது, ஒரு பெருங்கூட்டம் வாயிலை மறித்துச் சேற்றை வாரி எறிந்தது. எப்படியோ உள்ளே நுழைந்து அமர்ந்தால், தேர்வறைக்குள் ஓர் ஆட்டைப் பிடித்துத் தள்ளினார்கள்! 1873இல் நீதிமன்றத் தீர்ப்பும் அப்பெண்களுக்கு எதிராகவே அமைந்தது. எடின்பரோவின் பட்டம் அவர்கள் மறைந்து நெடுங்காலம் கழித்து, 2019இல்தான் வழங்கப்பட்டது. அவர்கள் நாட்டில் கதவு அடைபட்டிருந்த அதே காலத்தில், 1875இல், சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. மேரி ஷார்லீப் தம் மருத்துவக் கல்வியைத் தொடங்கியது இங்குதான்.

1876இல் இயற்றப்பட்ட சட்டம் பெண்களுக்கும் மருத்துவராகும் வழியைத் திறந்தது. இன்று அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் பெண்களே மிகுதி. எண்ணிக்கை கூடினால் மதிப்பும் தானே கூடும் என்று பலரும் நம்பினர். அவ்வாறு நடக்கவில்லை.

பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 2021இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில், பதிலளித்த பெண் மருத்துவர்களில் 91 விழுக்காட்டினர் பணியிடத்தில் பாலினப் பாகுபாட்டைச் சந்தித்ததாகக் கூறினர். அந்த ஆய்வுக்காக உழைத்த மருத்துவர் செல்சி ஜூவிட்டும், பொது மருத்துவரான பெக்கி காக்சும் சேர்ந்து 2022இல் ‘சர்வைவிங் இன் ஸ்க்ரப்ஸ்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். ‘ஸ்க்ரப்ஸ்’ என்பது மருத்துவமனைப் பணியாளர் அணியும் எளிய சீருடை. பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களைப் பெயர் வெளியிடாமல் திரட்டி மக்கள்முன் வைத்ததே இவர்களின் முதல் பணி. தனித்தனியாகக் கேட்டால் ‘ஒரு மனிதரின் குணக்கேடு’ என்று ஒதுக்கிவிடக்கூடிய நிகழ்ச்சிகள், ஒன்றாகச் சேர்த்தபோது ஓர் அமைப்பின் குறையாகத் தெரிந்தன.

2023 செப்டம்பரில் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரி’ இதழில் வந்த ஆய்வு நாட்டையே உலுக்கியது. 1,434 பேர் கலந்துகொண்ட அந்த ஆய்வில், முந்தைய ஐந்தாண்டுகளில் பெண் அறுவை மருத்துவர்களில் 63 விழுக்காட்டினர் சக பணியாளர்களால் பாலியல் தொல்லைக்கும், ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் பாலியல் தாக்குதலுக்கும் ஆளாகியிருந்தனர். தாமாக முன்வந்து பதிலளித்தவர்களின் கணக்கு இது. ஆகவே எல்லா அறுவை மருத்துவர்களுக்கும் இதே விழுக்காட்டைப் பொருத்திவிட முடியாது. ஆனால் பொது மருத்துவ மன்றம் இத்தகைய முறையீடுகளைச் சரியாகக் கையாள்கிறது என்று ஆண்களில் 48.6 விழுக்காட்டினர் கருத, பெண்களில் 15.1 விழுக்காட்டினரே அவ்வாறு கருதினர். என் பார்வையில், ஆய்வு முழுவதிலும் கவலை தருவது இந்த இடைவெளிதான்.

ஏன் முறையிடவில்லை என்று கேட்பது எளிது. பயிற்சி மருத்துவரின் நிலையை அறிந்தால் விடை கிடைக்கும். அவர் சில மாதங்களுக்கு ஒருமுறை பணியிடம் மாறுகிறார். தவறு செய்த மூத்த மருத்துவரோ அங்கேயே நிலைத்திருக்கிறார். அறுவை சிகிச்சையைக் கத்தி பிடித்தே கற்க வேண்டும். அந்தக் கத்தியை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்பவரும், பயிற்சி நிறைந்தது என்று கையொப்பமிடுபவரும், அடுத்த பதவிக்குப் பரிந்துரைப்பவரும் மூத்தவரே. செவிலியரும் பயிற்சி மருத்துவரும் சூழ நிற்க, அரங்கிலேயே அத்துமீறல் நடந்து, ஒருவரும் வாய் திறக்காத நிகழ்ச்சிகளும் பதிவாகியுள்ளன.

இந்த ஆய்வு வெளிவந்த அதே மாதத்தில் இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவை, பாலியல் பாதுகாப்புக்கான பத்து உறுதிமொழிகள் கொண்ட சாசனத்தை வெளியிட்டது. 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பொது மருத்துவ மன்றத்தின் நெறிமுறை, உடன் பணிபுரிவோரிடம் பாலியல் நோக்குடன் நடந்துகொள்ளக் கூடாது என்று வெளிப்படையாகவே கூறியது. 2024 அக்டோபரில் மற்றொரு சட்டமும் வந்தது. பாலியல் தொல்லை நிகழாமல் முன்கூட்டியே தடுக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது எல்லாத் துறைகளிலும் வேலை தருவோரின் கடமை என்றது அது.

இயக்கத்தினர் தொடர்ந்து சுட்டிக்காட்டிய தடை ஒன்று உண்டு. நிகழ்ந்து ஐந்தாண்டுகளுக்கு மேலான முறையீட்டைச் சிறப்புக் காரணம் இருந்தாலன்றி மருத்துவ மன்றம் விசாரிப்பதில்லை என்ற விதியே அது. அறுவை மருத்துவப் பயிற்சியோ அதைவிட நீண்டது. பயிற்சி முடியட்டும், பிறகு சொல்வோம் என்று அஞ்சிக் காத்திருந்த பெண், சொல்லத் துணியும்போது காலக்கெடு கடந்திருக்கும்.