செத்த கடைத்தொகுதி என்று யார் சொன்னது?



நமது அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, யாரையும் தடுக்கக் கூடாத இடங்களைப் பட்டியலிடுகிறது. அதில் முதலில் வருவது கடை. கிணறும் குளமும் சாலையும் அதற்குப் பிறகுதான். கடைவாசலில் எட்டி நின்று, காசைக் கீழே வைத்துச் சாமான் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதனால் ஒரு கடைத்தொகுதியை இடித்துவிட்டு அங்கே அடுக்குமாடி வீடுகள் கட்டப்போகிறார்கள் என்றால், அதை வெறும் கட்டடச் செய்தியாக நம்மால் வாசிக்க முடிவதில்லை. இன்று நாம் பார்க்கப்போவது லண்டனில் நடந்த கதை.

தென் லண்டனின் எலிஃபன்ட் அண்ட் காசில் பகுதியில் 1965 மார்ச்சில் ஒரு கடைத்தொகுதி திறக்கப்பட்டது. ஐரோப்பாவின் முதல் கூரையிட்ட கடைத்தொகுதி என்று அதைப் பெருமையாகச் சொன்னார்கள். (பர்மிங்காமின் புல் ரிங் அதற்கு முந்தைய ஆண்டே திறந்துவிட்டது, ‘முதல்’ என்ற பட்டத்துக்கு எந்த ஊரிலும் அடிதடி உண்டு.) 120 கடைகளுக்கு இடமிருந்தும் திறப்பின்போது 29 கடைகளே நடந்தன. சுற்றிலும் வண்டிகள் ஓயாமல் ஓடும் வட்டச்சாலை. சுரங்கப்பாதைக்குள் இறங்கி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். பணம் உள்ளவர்கள் வரவில்லை.

அதே 1965இல்தான் பிரிட்டனின் முதல் இன உறவுச் சட்டம் வந்தது. உணவகத்தில், திரையரங்கில் பாகுபாடு கூடாது என்றது அது. கடையையும் வீட்டையும் விட்டுவிட்டது. கறுப்பர்களுக்கு வாடகைக்கு இல்லை என்று எழுதிப்போடுவதைத் தடுக்க 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம்முடைய தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955லேயே கடையைச் சேர்த்துக்கொண்டதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஏட்டில் நாம் முந்தியிருந்தோம்.

பணக்காரர்கள் கைவிட்ட இடத்தில் வாடகை குறைவு. வாடகை குறைந்த இடத்துக்கு யார் வருவார்கள்? 1990களிலிருந்து கொலம்பியா, எக்வடோர், பொலிவியா நாடுகளிலிருந்து வந்தவர்கள் அங்கும் பக்கத்து ரயில் வளைவுகளிலும் கடை போட்டார்கள். லண்டன் அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கும் வேலையில் லத்தீன் அமெரிக்கர்கள் ஏராளம். ஊருக்குப் பணம் அனுப்ப, தலைமுடி வெட்ட, தம் மொழியில் நாலு வார்த்தை பேச அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. மாடியில் பிங்கோ ஆட்டக்கூடம் இருந்தது; தனிமையில் வாழும் முதியவர்கள், கறுப்பினப் பெண்கள் பலர், மாலைப்பொழுதை அங்கே கழித்தார்கள். கரீபிய, ஆப்பிரிக்கச் சாமான்கள் வெளியே சந்தையில் விற்றன.

2005இல் ஒரு வார இதழ் நடத்திய வாக்கெடுப்பில் இதுவே லண்டனின் மிக அசிங்கமான கட்டடம் என்று முடிவாயிற்று. அசிங்கம், அழுக்கு, நோய், மரணம்: இடித்துத் தள்ளுவதற்கு முன் வருகிற சொற்கள் நமக்குப் புதியவை அல்ல. கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் நம் மக்கள் ஏற்றிச் செல்லப்பட்டதும் இதே சொற்களின் பின்னால்தான். வாடிக்கையாளர் நிறைந்த கடைத்தொகுதியைச் செத்தது என்று சொல்ல வேண்டுமானால், அந்த வாடிக்கையாளர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால்தான் முடியும்.

தொழிலாளர் குடியிருப்புகளில் நடுத்தர வர்க்கம் நுழைந்து பழையவர்களை வெளியேற்றுவதற்கு 1964இல் ஜென்ட்ரிஃபிகேஷன் என்று பெயர் வைத்தவர் சமூகவியலாளர் ரூத் கிளாஸ். பெர்லினில் பிறந்த யூதப் பெண். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து லண்டன் வந்தவர்களைப் பற்றி அதற்கு முன்பே ஆய்வு செய்தவர். அவர் பார்த்தது வீடு வீடாக நடந்த மாற்றம். எலிஃபன்டில் நடந்தது வேறு: நகராட்சியும் பெருநிறுவனமும் கைகோத்து ஒரு வட்டாரத்தையே மாற்றியது.

முதலில் பக்கத்திலிருந்த ஹேகேட் குடியிருப்பு போயிற்று. 1974இல் கட்டி முடிக்கப்பட்ட 1,194 வீடுகள், சுமார் 3,000 பேர். அந்த மனையில் ஏறத்தாழ 2,500 புதிய வீடுகளுக்கு ஒப்புதல் தந்தபோது, ஏழைகளுக்கான சமூக வாடகை வீடுகள் நூற்றைக்கூடத் தொடவில்லை. 35 சதவீத வீடுகள் கட்டுப்படியான விலையில் இருக்க வேண்டும் என்பதே சதர்க் நகராட்சியின் கொள்கை. பிறகு எப்படிக் குறைந்தது? இங்கேதான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். கட்டுமான நிறுவனம் ஒரு சாத்தியக்கூற்றுக் கணக்கைக் கொடுக்கும். அதில் தன் லாப விகிதத்தை முதலிலேயே ஒரு செலவுபோல எழுதிவிடும். மனை விலை, கட்டுமானச் செலவு, லாபம் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் ஏழைக்கு வீடு. மிஞ்சவில்லை என்றால் இல்லை. ஹேகேட் கணக்கு வணிக ரகசியம் என்று மூடி வைக்கப்பட்டிருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் தகவல் உரிமைத் தீர்ப்பாயம் வரை போய் 2014இல் அதன் பெரும்பகுதியை வெளியே கொண்டுவந்தார்கள்.

அந்த அனுபவம் கடைத்தொகுதிக்கான போராட்டத்தில் கைகொடுத்தது. 2013இல் டிலான்சி நிறுவனம் தன் கூட்டாளிகளோடு தொகுதியை வாங்கி, இடித்துவிட்டு வீடு, கடை, கல்லூரி வளாகம் கட்டும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 979 வீடுகள். அதில் சமூக வாடகை வீடுகள் வெறும் 33 என்றிருந்தபோது வியாபாரிகள், குடியிருப்போர், மாணவர்கள் சேர்ந்து நின்றார்கள். கல்லூரி மாணவர்கள் தங்கள் கல்லூரியின் பங்கையே எதிர்த்தார்கள் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுக்காகச் சொல்கிறோம். 2018 ஜனவரியில் நகராட்சிக் குழு ஒப்புதல் தர மறுத்தது. ஜூலையில் திருத்திய திட்டம் நிறைவேறியபோது 33 என்பது 116 ஆகியிருந்தது. கடைக்காரர்களுக்கு இடமாற்ற நிதியும், அருகிலேயே தற்காலிகக் கடைகளும் கிடைத்தன. ஆனால் எல்லாருக்கும் அல்ல.

2020 செப்டம்பர் 24, கொரோனா காலம். தொகுதி மூடப்பட்டது. திட்டத்தை எதிர்த்த வழக்கு 2021 மேயில் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது. அதே ஆண்டு கட்டடத்தை இடித்தார்கள். அந்த 116 வீடுகள் இரண்டாம் கட்டத்தில், பழைய கல்லூரி நிற்கும் மனையில் வர வேண்டியவை. கல்லூரி புதுக் கட்டடத்துக்குக் குடிபோன பிறகுதான் அங்கே வேலை தொடங்க முடியும். கடைத்தொகுதி இருந்த மனையில் முதலில் எழுந்தவை கல்லூரியின் புதிய வளாகமும் சந்தை வாடகைக்கு விடும் கோபுரங்களும்.